தாம்பூலப் பையில் என் புத்தகம்

என் மனைவி என்னை ஒருநாளும் அடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைச் சொன்னால் நம்புகிற ஆள் இன்றைக்கு மிகக் குறைவு. எங்கள் வீட்டில் பூரிக்கட்டை ஒன்று உண்டு. அதைப் பூரி தேய்ப்பதற்கு மட்டும்தான் எடுப்பாள், அதுவும் நான் கேட்டால்.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் எனக்கு ஆபீஸ் வேலை. வண்டிக்காரர் வருவார், கேபின் இப்படி வேண்டும், பின்கதவு அப்படி வேண்டும், நெற்றியில் குலதெய்வம் பெயர் கொட்டை எழுத்தில் வேண்டும் என்பார். நான் எழுதிக்கொள்வேன். மற்ற நேரத்தில் வெல்டிங் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்தச் சும்மா நேரத்தில்தான் போனில் பதிவு போட ஆரம்பித்தேன். அரசியல் எழுதினேன், வெயிலைப் பற்றி எழுதினேன், பட்டறை நாயைப் பற்றிக்கூட எழுதினேன். ஒரு ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

ஒருநாள் மனைவியைப் பற்றி ஒன்று எழுதினேன். சங்ககிரி மேட்டில் லோடு லாரி ஒன்று பின்னால் உருள ஆரம்பித்தது, டயருக்கு முட்டுக் கொடுக்கக் கல் கிடைக்கவில்லை, என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வீட்டு இட்லி இரண்டை எடுத்து வைத்தேன், லாரி நின்றுவிட்டது. டிரைவர் கீழே இறங்கிக் கும்பிட்டு, "மீதி இட்லி இருந்தாக் குடுங்கண்ணா, ஒடிசா வரைக்கும் போகோணும்" என்றான். இவ்வளவுதான் பதிவு. மத்தியானத்துக்குள் போன் கொதித்துவிட்டது. துபாயிலிருந்து ஒருத்தர் சிரித்திருந்தார், சிங்கப்பூரிலிருந்து ஒருத்தர் கண்ணீர் விட்டுச் சிரித்திருந்தார்.

உண்மை என்னவென்றால், அன்றைக்கு அந்த இட்லியை நான் முழுசாகச் சாப்பிடவில்லை. நான் டப்பாவைத் திறந்தாலே வெல்டர்கள் இரண்டு பேர் கையைக் கழுவிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இட்லி அப்படி இருக்கும். இதை எழுதினால் யார் சிரிப்பார்கள்?

அதற்கப்புறம் நான் திரும்பிப் பார்க்கவில்லை. வாரத்துக்கு இரண்டு, மூன்று என்று போட்டேன். என் பதிவில் 'ஊட்டுக்காரி' என்று ஒருத்தி வளர ஆரம்பித்தாள். குண்டாக இருப்பாள், ஊர் கேட்கக் கத்துவாள், கையில் பூரிக்கட்டை இருக்கும். நான் ஒல்லியாகிப் போனேன், பெரும்பாலும் கட்டிலுக்கு அடியில் குடியிருந்தேன். வீட்டில் இருந்தவளோ ஒடிசலான ஆள். பக்கத்து அறையில் இருப்பவரைக்கூடக் குரல் உயர்த்திக் கூப்பிடமாட்டாள், எழுந்துபோய்த்தான் சொல்லுவாள்.

அவளுக்குத் தெரியாமல் எழுதினேன் என்று சொல்லமாட்டேன். முதல் சில பதிவுகளை நானே படித்துக் காட்டினேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏனுங்க, உங்களுக்கு வேற பொழப்பே இல்லீங்களா?" என்றாள்.

அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டேன். பிறகு படித்துக் காட்டுவதை நிறுத்திவிட்டேன். அவளும் கேட்கவில்லை. அவள் ஏன் கேட்கவில்லை என்று நானும் கேட்கவில்லை, எனக்குத்தான் லைக் எண்ணுவதற்கே நேரம் போதவில்லையே.

சென்னையிலிருந்து ஒரு பதிப்பாளர் கூப்பிட்டபோது நான் பட்டறையில் இருந்தேன். வெல்டிங் சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் ரோட்டுக்கு ஓடிவந்து பேசினேன். "சார், உங்க பதிவெல்லாம் ஒரே புத்தகமாப் போடலாம், நகைச்சுவைக்கு இன்னைக்கு ஆளே இல்ல சார்" என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எங்கள் வம்சத்தில் பெயர் அச்சில் வந்தது கல்யாணப் பத்திரிகையிலும் கருமாதிப் பத்திரிகையிலும் மட்டும்தான்.

பழைய பதிவுகளைத் தேடி எடுத்து அனுப்பினேன். அவர்கள் அடுக்கி, பக்கம் கட்டி, திருத்திக் கொடுங்கள் என்று தாளில் அனுப்பினார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. பட்டறையிலேயே, சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து படித்தேன்.

போனில் ஒவ்வொன்றும் தனித்தனியாக இருந்தது. ஒன்றைப் போட்டால் அதற்குக் கீழே நூறு பேர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்போடு சேர்த்துத்தான் நானும் என் எழுத்தை அதுவரைக்கும் படித்திருந்தேன். தாளில் அது இல்லை. கமெண்டையும் சிரிப்பு முகங்களையும் எல்லாம் எடுத்துவிட்டார்கள், நான் எழுதியது மட்டும் மொட்டையாக நின்றது. கொஞ்சப் பக்கம் போனதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் கொஞ்சம் போனதும், எவனோ ஒருத்தன் ஒரு பொம்பளையை ஓயாமல் வைதுகொண்டே போகிறான் என்று பட்டது. அவள் திருப்பி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுகிற இடத்திலெல்லாம் நான் எழுதிக் கொடுத்ததைத்தான் பேசினாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

பதிப்பாளரைக் கூப்பிட்டு, மனைவி சமாச்சாரத்தைக் கொஞ்சம் குறைத்துவிடலாமா என்று கேட்டேன்.

"அதை எடுத்துட்டா என்ன சார் இருக்கும்?" என்றார் அவர். "ரெண்டு அட்டைதான் இருக்கும்."

நான் சிரித்தேன். நல்ல நகைச்சுவை உணர்ச்சி உள்ள மனிதர் என்று நினைத்தேன். அத்தோடு என் கூச்சம் முடிந்துபோனது. தாளைத் திருத்தி அனுப்பினேன், இரண்டு எழுத்துப்பிழைகளைத் தவிர ஒன்றையும் தொடவில்லை. போதாததற்கு, 'அடித்தாலும் அளவோடு அடிக்கும் என் மனைவிக்கு' என்று சமர்ப்பணம் வேறு எழுதிச் சேர்த்தேன்.

அட்டைப்படம் போனில் வந்தது. குண்டான பெண் ஒருத்தி கட்டையை ஓங்கிக்கொண்டு நிற்கிறாள், கட்டிலுக்கு அடியிலிருந்து ஒருத்தன் பேனாவோடு எட்டிப் பார்க்கிறான். அதை மட்டும் மனைவியிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன், படவில்லை.

"புஸ்தகம் வரட்டுங்க. உங்களுக்குச் சந்தோசம்னா எனக்கென்ன" என்றாள். "ஆனா ஒண்ணு. எங்க ஊருக்கு மட்டும் போயிரக் கூடாதுங்க. எங்கப்பா கையில கெடைச்சா அவரு உட்டுப்போட்டு எந்திரிக்கமாட்டாரு, மொத்தமும் படிப்பாரு."

அவள் எடப்பாடிப் பக்கத்துக்காரி. மாமனார் விவசாயி, சொந்தக் காட்டில் வேலை செய்பவர். போன் வைத்திருந்தார், ஆனால் பேசுவதற்கு மட்டும். படிப்பதென்றால் அச்சில் படிக்க வேண்டும் அவருக்கு. கடலை மடித்து வந்த காகிதத்தைக்கூடப் பிரித்து, வாய்விட்டு, விரலை வைத்துப் படிப்பார். அச்சில் வந்தது எதுவும் பொய்யாக இருக்காது என்பது அவர் முடிவு. "பொய்யின்னா அத்தனை செலவு பண்ணி அச்சடிப்பாங்களா?" என்று என்னிடமே ஒருதரம் கேட்டிருக்கிறார்.

"உங்க ஊருக்கு எதுக்குப் போவுது? நான் பாத்துக்கறேன்" என்றேன். சத்தியம் பண்ணுகிற மாதிரி அவள் கையைத் தொட்டுச் சொன்னேன்.

நாமக்கல்லிலேயே ஒரு சின்ன மண்டபத்தில் வெளியீட்டு விழா வைத்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் என் மண்டை எப்படித் தாங்குகிறது என்று வியந்தார்கள். மனைவி இரண்டாவது வரிசையில், பச்சைப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். தொகுத்து வழங்கியவர் அவளை மேடைக்குக் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, ரிப்பன் கட்டிய பூரிக்கட்டை ஒன்றை நினைவுப் பரிசாகக் கொடுத்தார். மண்டபம் கைதட்டிச் சிரித்தது. அவள் அதை வாங்கிக்கொண்டு எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல் கொஞ்சநேரம் நின்றாள். நானும் கைதட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் என் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அந்த விழாச் செய்தி உள்ளூர்ப் பத்திரிகையில், கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில், என் பெயரோடு வந்தது. அதை எடப்பாடியில் ஒரு கண் பார்த்திருக்கிறது.

சில நாள் கழித்துப் பதிப்பாளர் பேசினார். "உங்க பக்கத்துல இருந்து ஒருத்தர் மொத்தமா எடுத்திருக்கார் சார். ஏதோ விசேஷத்துக்குக் குடுக்கறாராம். இப்படி ஒரு வாசகர் கிடைக்க நீங்க குடுத்து வெச்சிருக்கணும்."

யார் என்று கேட்டிருக்கலாம். எந்த ஊர், என்ன விசேஷம் என்று கேட்க எத்தனை நேரம் ஆகும்? கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு, பட்டறையில் இருந்த அத்தனை பேரிடமும் போய்ச் சொன்னேன். டீ சொன்னேன்.

அடுத்த மாதம் மச்சான் மகளுக்குக் கல்யாணம். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன், எடப்பாடியில் தறிப்பட்டறை வைத்திருப்பவர். மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் பெரிய இடம், படித்த குடும்பம். மச்சானுக்கு அந்தப் பயம் இருந்தது. எதிலும் குறை வந்துவிடக் கூடாது என்று மாதக்கணக்கில் ஓடினார்.

கல்யாணத்தில் வாசலில் நின்று தாம்பூலப் பை கொடுக்கிற வேலையை எங்கள் பக்கம் யார் கையிலும் விடமாட்டார்கள். வீட்டு மனுஷி நிற்க வேண்டும். சாப்பிட்டுப் போகிற ஒவ்வொரு ஒறம்பரையையும், அதாவது விருந்தாளியையும், முகம் பார்த்து, இரண்டு கையாலும் பையைக் கொடுத்து, போயிட்டு வாங்க என்று சொல்ல வேண்டும். கொடுக்காமல் ஒருத்தரை விட்டுவிட்டால் அந்தப் பேச்சு ஏழு ஊருக்குப் போகும். என் மாமியார் வெகுகாலத்துக்கு முன்பே தவறிவிட்டார், பெண்ணின் தாயாருக்கு மேடையை விட்டு நகர முடியாது. அதனால் மணப்பெண்ணுக்கு அத்தையான என் மனைவிதான் வாசலில் நின்றாள். அன்று அவளுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. பிறந்த வீட்டுக் கல்யாணத்தில் வாசலில் நிற்பது என்றால் சும்மாவா.

முகூர்த்தம் முடிந்து, பந்தியில் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருத்தர், வெள்ளைச் சட்டை, தங்க பிரேம் கண்ணாடி, என் முன்னால் வந்து நின்று என் தலையையே உற்றுப் பார்த்தார்.

"நீங்கதானுங்களா அது? வீக்கம் எறங்கிருச்சுங்களா?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கையிலிருந்த மஞ்சள் பைக்குள் கைவிட்டு, தேங்காய்க்கும் வெற்றிலைக்கும் அடியிலிருந்து ஒன்றை உருவினார். கட்டிலுக்கு அடியிலிருந்து நான் பேனாவோடு எட்டிப் பார்த்தேன்.

வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தேன். அங்கங்கே நாற்காலியைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்து, பைக்குள்ளிருந்து எடுத்து, ஒருத்தர் படிக்க நான்கு பேர் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் என் மனைவியின் ஆட்கள். அவள் சித்தப்பன்கள், பெரியம்மாக்கள், அவளோடு பள்ளிக்கூடம் போனவர்கள். மச்சான் தூரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கை ஆட்டினார். பிறகு பக்கத்தில் வந்து தோளைத் தட்டினார்.

"எப்பிடிங்க மாப்ள? உங்களுக்குச் சொல்லாமயே பண்ணிப்போட்டேன்" என்றார். "அவிய அவிய கல்யாணத்துல செடி குடுக்கறாங்க, எவர்சில்வர் டப்பா குடுக்கறாங்க. எங்கூட்டு மாப்பிள்ளை எழுதுன புஸ்தகத்தைக் குடுப்போம்னு பாத்தனுங்க. சம்பந்தி ஊட்ல எத்தனை பெருமை தெரியுங்களா?"

"படிச்சீங்களா மச்சான்?" என்று கேட்டேன்.

"எனக்கு எங்கீங்க நேரம்? கல்யாணம் முடியட்டும், நெதானமாப் படிக்கறேன்" என்றார். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். மகள் கல்யாணத்தன்று அந்த மனிதரிடம் என்ன சொல்வேன்?

வாசலுக்குப் போனேன். மனைவி ஒரு தம்பதிக்குப் பை கொடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் போனதும், பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன். அவள் முதலில் நான் ஏதோ விளையாடுகிறேன் என்றுதான் நினைத்தாள், என் பிழைப்பு அப்படி. பிறகு ஒரு பையைத் திறந்து, தேங்காயை நகர்த்திப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தேங்காயைப் பழையபடியே அதன்மேல் வைத்தாள்.

"காத்தால பை கனமா இருக்குதேன்னு அண்ணங்கிட்டக் கேட்டேனுங்க" என்றாள். "அப்பறமாத் தெரியும் அம்மிணின்னு சிரிச்சாரு."

"நான் எல்லாத்தையும் எடுத்துடறேன். தேங்காயும் வெத்தலையும் மட்டும் குடு, போதும்."

"எப்பிடிங்க எடுக்கறது? முன்னால வாங்கிட்டுப் போனவிய வேற, பின்னால வாரவிய வேறயா? எங்களுக்கு மட்டும் ஏன் இல்லைன்னு கேட்டா அண்ணன் என்ன சொல்லும்? விசயம் தெரிஞ்சா அது இங்கயே தலையில கை வெச்சுட்டு உக்காந்துக்கும். சம்பந்தி ஊட்டு ஆளுக பாத்துட்டே இருக்கறாங்க."

அதற்குள் அடுத்த கூட்டம் சாப்பிட்டு முடித்து வந்துவிட்டது. அவள் தலைமுடியைச் சரி செய்துகொண்டாள்.

"நீங்க பெட்டியில இருந்து எடுத்து எடுத்துக் குடுங்க. நாங் குடுக்கறேன்" என்றாள்.

நான் எடுத்து எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கி, இரண்டு கையாலும், ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்துக் கொடுத்தாள். போயிட்டு வாங்க என்றாள். ஏற்கெனவே படித்திருந்தவர்கள் அவளை மேலும் கீழும் பார்த்தார்கள். பெரியம்மா முறையான ஒருத்தி அவள் கன்னத்தைக் கிள்ளி, "ஏம்புள்ள, மாப்பிள்ளைய அந்தப் போடு போடறயாமா? பாத்தா பூனையாட்ட இருக்கற" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் கொடுத்த ஒவ்வொரு பையும் நான் அவளுக்குக் கொடுத்தது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்று கதையில் வருமே, அதெல்லாம் நடக்காது. கூட்டம் தீரும்வரை நின்றுதான் ஆக வேண்டும்.

பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். திருச்செங்கோடு தாண்டியது. நான் மன்னிச்சுக்கோ என்றேன்.

"நானும் மொதல்ல சிரிச்சவதானுங்களே" என்றாள். ஜன்னலை மூடிவிட்டு, "மீதிப் பையெல்லாம் எங்க ஊட்டுக்குத்தான் போயிருக்குது. மண்டபத்துல எங்கப்பாவுக்கு நேரமில்லீங்க, இன்னேரம் பிரிச்சிருப்பாரு" என்றாள்.

மாமனார் தினமும் காலையில், சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்ததும் மகளுக்குப் போன் செய்வார். பேசுவதற்கு விஷயம் ஒன்றும் இருக்காது. மழை வந்ததா, என்ன குழம்பு, அவ்வளவுதான். கல்யாணத்துக்கு அப்புறம் அந்தப் போன் வரவில்லை. இவள் கூப்பிட்டால் எடுத்து, "காட்டுல இருக்கறேஞ் சாமி, அப்பறம் கூப்புடறேன்" என்று வைத்துவிடுவார். இவள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்பாள். என்னைத் திட்டியிருக்கலாம். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். ஒன்றும் கேட்கவில்லை.

நானே ஒரு முடிவுக்கு வந்து, போனில் ஒரு பதிவு எழுதினேன். 'இதுவரை நான் எழுதியதெல்லாம் பொய். என் மனைவி மிக நன்றாகச் சமைப்பாள். என்னை ஒருநாளும் அடித்ததில்லை, சத்தம் போட்டுப் பேசியதுகூட இல்லை. அவள் பெயரை நான் கெடுத்துவிட்டேன். அவளிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன்.' ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

என் வாழ்நாளில் வேறு எந்தப் பதிவுக்கும் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. 'அண்ணி பக்கத்துல நிக்கறாங்களா?' என்று கேட்டிருந்தார் ஒருத்தர். 'கட்டை எந்தக் கையில இருக்கு?' என்றார் இன்னொருத்தர். 'அண்ணே, உயிருக்கு ஆபத்துன்னா ஒரு புள்ளி மட்டும் வைங்க, ஆளனுப்பறோம்' என்று துபாய்க்காரர். இல்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன் என்று பதில் போட்டேன். அதற்கு இன்னும் சிரித்தார்கள். பதிப்பாளர் கூப்பிட்டு, பிரமாதம் சார், அடுத்த பதிப்பில் இதைக் கடைசியாகச் சேர்த்துவிடலாம் என்றார். அவரை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினேன். அதற்கும் அவர் சிரித்தார். போனை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனாரே வந்துவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல் வருகிறவர் இல்லை அவர். சட்டை போட்டு, துண்டு போட்டு, சாவு வீட்டுக்கு வருகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்தார். வழக்கமாக வந்ததும் ஊஞ்சலில் காலை நீட்டிப் படுப்பவர், அன்றைக்கு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தார், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் உள்ளே போனதும் எழுந்து நின்றார். என் முன்னால் இரண்டு கையையும் கூப்பினார்.

"மாப்ள, மன்னிச்சுக்கோணுங்க" என்றார்.

நான் பதறி எழுந்து அவர் கையைப் பிடித்தேன். அவர் விடவில்லை.

"அவ தாயில்லாமப் போன புள்ளைங்க. ஆம்பள வளத்த புள்ளை. எங்கயோ நாந்தான் கண்டிக்காம உட்டுட்டேன். இத்தனை வருசமா ஒரு வார்த்தை எங்க காதுல போடாம நீங்க மனசுக்குள்ளயே வெச்சிருந்திருக்கறீங்க. வேற ஆளா இருந்தாக் கொண்டாந்து உட்டுட்டுப் போயிருப்பாங்க. நான் முழுசாப் படிச்சனுங்க. ரெண்டு தடவை படிச்சேன்."

"மாமா, அதெல்லாம் பொய்யிங்க. சிரிப்புக்கு எழுதுனதுங்க."

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிப்போடறனுங்க. பொண்ணு பாக்க வந்தப்ப குடுத்த கேசரி பேக்கரில வாங்குனது இல்லீங்க. எம்புள்ளதான் கிண்டுச்சு. எங்காடு மேல சத்தியமாச் சொல்றேன். நாங்க ஏமாத்திப் பொண்ணு குடுக்கலைங்க மாப்ள."

அப்படி ஒரு பதிவு நான் எழுதியிருந்தேன்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் சாப்பிட்ட கேசரியில் மயங்கிக் கட்டிக்கொண்டேன், பிறகுதான் அது எடப்பாடி பேக்கரியில் வாங்கியது என்று தெரிந்தது, நியாயமாக எனக்கு அந்தப் பேக்கரிக்காரரைத்தான் கட்டிவைத்திருக்க வேண்டும் என்று. பட்டறையில் உட்கார்ந்து, ஒரு டீ குடிக்கிற நேரத்தில் எழுதியது. அதற்கு அவர் தன் காட்டின்மேல் சத்தியம் பண்ணிக்கொண்டு நிற்கிறார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "மாமா, உங்க கேசரியும் நெசம், உங்க புள்ளையும் தங்கம். நாந்தாங்க கேடுகெட்டவன். ஊர் சிரிக்கோணும்னு இல்லாததும் பொல்லாததும் எழுதுனேன். அவ என்னைய ஒரு நாளும் அடிச்சதில்லீங்க. சமையல்ல அவளை மிஞ்ச ஆளில்லீங்க. இதைவிட எப்பிடிங்க சொல்றது?"

அவர் என்னையே பார்த்தார். அவர் கண்ணில் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வரவில்லை.

"நீங்க பெரிய மனசு மாப்ள. நான் மனசு நோவக் கூடாதுன்னு மாத்திச் சொல்றீங்க" என்றார்.

மனைவி அடுப்படிக் கதவில் வந்து நின்றிருந்தாள். "அவரு சொல்றது நெசந்தானுங்கப்பா. சும்மா வெளையாட்டுக்கு எழுதறது" என்றாள்.

"நீதான் இப்பிடிச் சொல்லச் சொன்னியா அவரை?" என்றார் அவர், அவள் பக்கம் திரும்பாமலே. அவள் உள்ளே போய்விட்டாள்.

சாப்பிட உட்கார்ந்தோம். பச்சைப்பயறு கடைந்திருந்தாள், கத்தரிக்காய்ப் பொரியல், ரசம். தாய் போன பிறகு, பாவாடை கட்டிய வயதிலிருந்து, அவள் கையால் ஆக்கியதைச் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு அவருடையது. எங்கே போனாலும், "எம்புள்ள ரசத்தைக் குடிச்சாக் காச்சல் ஓடிப்போகும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர். அன்றைக்கு ஒவ்வொரு வாயையும் நிறுத்தி நிறுத்தி, எதையோ கண்டுபிடிக்கிற மாதிரி மென்றார். பாதிச் சாப்பாட்டில் என் பக்கம் சாய்ந்து, அவளுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்து, ஆனால் கேட்கும்படியாகவே சொன்னார்.

"எனக்கு எப்பவும் நல்லாத்தானுங்க இருந்திருக்குது. பழக்கம் போலிருக்குது. காட்டுல வேலை செய்யறவன் பசிக்குத் தின்னது, என் நாக்குக்கு என்னங்க தெரியும்?"

ரசம் ஊற்ற வந்தவள், கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அவர் இலையை மூடிவிட்டு, கழுவாத கையோடு உட்கார்ந்து, வந்ததிலிருந்து முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"சாமி, இனிமேலாச்சும் மாப்பிள்ளைக்குப் பாத்துப் பக்குவமா ஆக்கிப் போடு. என்னையாட்ட இல்ல அவரு, ருசி தெரிஞ்சவரு."

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்து அவருடைய இலையை எடுத்தாள்.

"சரிங்கப்பா" என்றாள்.